குளிரில் கிடந்த நகல்

வெள்ளிக்கிழமை வந்தால் புருலுக்கு வயிறு எரியும். போர்சோக் ஒத்துக்கொள்ளாமல் எரியவில்லை, அதை அவள் இருபது வருஷமாகத் தின்கிறாள். வெள்ளிதோறும் மருமகள்கள் இருவரும் மாமியார் வீட்டு அடுப்படியில் மாவு தேய்த்து, துண்டு போட்டு, எண்ணெயில் போர்சோக் பொரித்தாக வேண்டும். போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த வாசனைதான் சாப்பாடு. ஆக வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஓரகத்தி கனிஷாயின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, அந்தக் காதில் ஆடும் வெள்ளி லோலாக்கைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். எரியாமல் என்ன செய்யும்?

லோலாக்கு மாமியார் சாய்ராகானுடையது. விரல் நீளம், நுனியில் மூன்று பவழம். மூத்த மகன் தாலாயைக் கட்டிக்கொண்டு புருல் வந்தபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை முக்காடும் ஆறு டீக் கிண்ணமும். கிண்ணத்தில் இரண்டு இன்னும் உடையாமல் இருக்கிறது. பதினோரு வருஷம் கழித்து இளையவனுக்கு மனைவியாகக் கனிஷாய் வந்தாள். வீடு இளையவனுக்குத்தான், அது வழக்கம், அதற்குப் புருல் வாய் திறக்கவில்லை. லோலாக்குக்கு என்ன வழக்கம் இருக்கிறது? மாமியார் தன் காதிலிருந்து கழற்றி, ஊரே பார்க்கச் சின்னவள் காதில் மாட்டினார். புருல் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி பாத்திரத்துக்கே போனாள்.

இத்தனைக்கும் அவள் படித்தவள். நாரின் என்ற மலையூரின் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். உறவில் யாருடைய போன் செத்தாலும், யாருடைய லேப்டாப் முக்கி முனகினாலும் அவளிடம்தான் வரும். சரியாகும். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் அவளை மறந்துபோவார்கள். கனிஷாயோ கல்யாணத்துக்கும் தொட்டில் விழாவுக்கும் வீடியோ எடுப்பவள். அவள் எடுத்த படம் ஓடினால் சொந்தபந்தம் மொத்தமும் மூக்கைச் சிந்தும். "எங்க சின்னவ எடுத்தா ஆட்டுக்குட்டி கூட அழகா தெரியும்" என்று மாமியார் போகிற இடமெல்லாம் சொல்வார். புருல் கை வைத்தால் பிரிண்டர் ஓடும். பிரிண்டர் ஓடுவதைப் பார்த்து யார் மூக்கைச் சிந்தப் போகிறார்கள்?

வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மூணு நகல்'. முக்கியமான எதற்கும் மூன்று நகல் வேண்டும், இரண்டு வீட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதை அவள் வருஷம் முழுக்க ஓதுவாள். பனிக்காலம் வந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். "வெளிய குளிர்ல இருந்து வந்ததும் உன் மூக்குக் கண்ணாடி என்ன ஆகுது? வேர்க்குதுல்ல? டிஸ்க்கும் அப்படித்தான் உள்ளுக்குள்ள வேர்க்கும். ஒரு பையில போட்டு இறுக்கக் கட்டி ஓரமா வை. ரெண்டு மணி நேரம் தொடாத. தொட்டா போச்சு." நாரினில் பனிக்காலம் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இறங்குகிற பனிக்காலம். கேட்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேர் அழுதுகொண்டு வருவார்கள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் மாமனாரின் வருஷ விருந்து வந்தது. மாமனார் பெயரை இந்தக் கதையில் தேட வேண்டாம். மருமகள்கள் அதை வாயால் சொல்லக் கூடாது. கதை புருலின் பக்கமாகப் போவதால் நாமும் மரியாதையாக விட்டுவிடுவோம். சாவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த மனிதர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சின்ன மருமகளை மட்டும் கூப்பிட்டு, "உன் காமிராவ எடுத்துட்டு வா" என்றார். பத்தொன்பது நிமிஷம் பேசினார். அதைக் கனிஷாய் 'நம்ம பெரியவர்' என்று பெயர் போட்டு லேப்டாப்பில் வைத்தாள். கோப்புக்குக்கூட மாமனார் பெயரை வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. மாமியார் விடவில்லை. "வருஷம் முடியட்டும். அதுக்கு முன்னால அவர் குரலக் கேட்டா எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்றார். வருஷ விருந்தன்று, துக்கம் கழியும் நாளில், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு. அதுவரை அவர் என்ன சொன்னார் என்பது கனிஷாய்க்கு மட்டும் தெரியும். அதுவும் புருலுக்கு ஒரு எரிச்சல். சாகிற நேரத்தில்கூட அவளைத்தான் கூப்பிட வேண்டுமா?

விருந்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கனிஷாய் அத்பாஷியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். பையைக் கார் கூரைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினாள். சுரண்டி முடித்து, கை மரத்துப்போய், அவசரமாக உள்ளே ஏறி வண்டியை எடுத்தாள். பை கூரைமேலேயே பயணம் போனது. பையில் லேப்டாப். அதே பையில், அந்த லேப்டாப்பின் நகல் இருந்த டிஸ்க்.

வழியெல்லாம் தேடினார்கள். ஆனால் பனி தள்ளும் வண்டி இரண்டு முறை போய் வந்திருந்தது. காமிராவில் இருந்த பழைய கார்டை எப்போதோ அழித்து அதன்மேல் இருபது கல்யாணம் எடுத்தாகிவிட்டது. இணையத்தில் ஏற்றி வைத்திருக்கலாம், மணிக்கணக்காக ஏறுகிற கோப்புக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை ஏது?

மத்தியானம் புருலுக்குப் போன் வந்தது.

"அக்கா... போச்சு அக்கா. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு? தெளிவா சொல்லு."

கனிஷாய் அழுகையும் மூச்சுமாகச் சொன்னாள். புருல் முழுக்கக் கேட்டாள்.

"ரெண்டையும் ஒரே பையிலயா வச்ச?"

"ஆமா அக்கா."

"வீட்டுச் சாவி ரெண்டையும் ஒரே வளையத்துல போட்டுத் தொலைக்கிற மாதிரி இருக்கு."

"திட்டுங்க அக்கா, நல்லாத் திட்டுங்க. உங்ககிட்ட எதாச்சும் இருக்குமா? தற்செயலா எதாச்சும்?"

"பாக்கறேன்" என்றாள் புருல்.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கோடையில் கனிஷாயின் லேப்டாப் நத்தையாக ஊர்ந்தபோது அவளிடம்தான் கொண்டுவந்து போட்டாள். எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் அதில் உள்ளதையெல்லாம் தன் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் தொடுவாள் புருல். யாரிடமும் சொல்வதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது? அலமாரியின் மேல்தட்டில் இருந்து டிஸ்க்கை இறக்கிச் சொருகினாள். ஒரு மணி நேரம் துழாவினாள். 'நம்ம பெரியவர்' இருந்தது.

திறந்தாள். தலையணையில் சாய்ந்தபடி மாமனார். வெள்ளைத் தாடி சீவிவிடப்பட்டிருந்தது. நன்றாக இருமினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். அந்த மனிதர்மேல் புருலுக்கு உண்மையிலேயே பாசம் உண்டு. பிறகு அவர் காமிராவைப் பார்த்துச் சிரித்து, "கனிஷாய்" என்றார்.

முதல் வார்த்தையே அவள் பெயர்! புருல் படக்கென்று மூடினாள். ஓடியது நாற்பது செகண்டுதான்.

உடனே போன் பண்ணியிருக்கலாம். கையில் போனை எடுக்கவும் எடுத்தாள். அதில் கனிஷாயின் பெயருக்குப் பக்கத்தில் அவள் படம், படத்தில் லோலாக்கு. புருல் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் தவிக்கட்டுமே என்று நினைத்தாள். ஒரே ஒரு ராத்திரி, அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் சின்னவளைப் பார்க்கப் போனாள். போயிருக்கவே கூடாது. மாமியார் கனிஷாயின் தலையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பெரியநாத்தனார் சூப் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "அழாதடி தங்கம், அந்த மனுசன் உன்னக் கோவிச்சுக்க மாட்டார்" என்று ஆளாளுக்குச் சமாதானம். தொலைத்தவளுக்கு மடியும் சூப்பும்! தொலைக்காமல் வைத்திருப்பவளுக்கு? "மூத்தவளே, வந்ததுதான் வந்த, அந்த டீயக் கொஞ்சம் ஊத்து" என்றார் மாமியார்.

டீ ஊற்றும்போதுதான் புருலுக்கு அந்த யோசனை வந்தது. இதைப் போனில் கிசுகிசுப்பானேன்? நல்ல செய்தி கொண்டு வருகிறவர் வாசலிலேயே "சுயுஞ்சு!" என்று கூவ வேண்டும். அவர் பரிசாகக் கேட்டதைக் கொடுத்தால்தான் செய்தி வெளியே வரும். குதிரை கேட்டவர்கள் உண்டு, கோட்டு கேட்டவர்கள் உண்டு. விருந்தன்று, சொந்தம் முழுக்கக் கூடியிருக்கும்போது, எல்லாரும் கை விரித்து உட்கார்ந்திருக்கும்போது, அவள் கூவுவாள். கேட்க வேண்டியது என்ன என்று அவளுக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும்.

அந்த நாட்களில் அவள் இன்னொரு நகல் எடுக்கவில்லை. ஆமாம், மூணு நகல் டீச்சர்தான். உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும் கோப்பை இன்னொரு இடத்தில் போட்டு வைக்க அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றாள். காரணம் நேரமின்மை என்று சொல்லிக்கொண்டாள், அது பொய். ஒன்றுதான் இருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு வெல்லமாக இனித்தது. இரண்டாக்கினால் அந்த இனிப்பு பாதியாகிவிடும் என்று அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது.

விருந்துக்கு முந்தின நாள் தாலாய் கண்ணில் படாமல் இருக்க டிஸ்க்கைக் காரின் முன்பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது, மைனஸ் இருபத்தொன்பதில்.

மறுநாள் காலையிலிருந்தே முற்றத்தில் கொப்பரைகள் கொதித்தன. குதிரைக் கறி வெந்தது. வீட்டுக்குள் ஆவியும் மனிதர்களுமாக மூச்சு முட்டியது, ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிந்தது. குரான் ஓதி முடித்து, சாப்பிட்டு, கை துடைத்தபின், கனிஷாய் பெரிய டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். டிவியில் மாமனாரின் பழைய போட்டோ ஒன்று மட்டும் இருந்தது.

"இன்னைக்கு அவரோட குரல எல்லாரும் கேக்கணும்னு இருந்தோம்" என்றாள். "நாந்தான் தொலைச்சேன். மன்னிச்சிடுங்க." அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பெண்கள் அவளை நோக்கிக் கை நீட்டினார்கள். இதோ, இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இதற்கும் அவளையே கட்டிப்பிடிப்பார்கள்!

புருல் காருக்கு ஓடினாள். செருப்பைக்கூட மாற்றவில்லை. கையில் பிடித்தால் சுடுகிற அளவு டிஸ்க் குளிர்ந்திருந்தது. திரும்பி வந்து வாசற்படியிலிருந்தே கூவினாள்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு!"

துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று இரண்டு பெரியம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாலாய் எழுந்தான். "என்னடி இது?"

கனிஷாய்க்கு அவள் கையில் இருந்தது தெரிந்துவிட்டது. முகம் மாறியது. "அக்கா... நெசமாவா? என்ன வேணும் அக்கா? என்ன வேணா கேளுங்க."

"காதுல இருக்கறது" என்றாள் புருல்.

ஒரு கணம்தான். கனிஷாய் மாமியாரைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு காதிலிருந்தும் கழற்றிப் புருலின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "சொல்லுங்க."

"இருக்கு. முழுசா இருக்கு. என்கிட்ட."

அந்த அறையில் எழுந்த சத்தத்தை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மூத்தவளே, மூத்தவளே என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல். இருபது வருஷத்தில் முதல் தடவையாக எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் புருலுக்குத் தலை சுற்றியது. இரண்டு மணி நேரம் காத்திருங்கள் என்று சொல்ல எந்த மடச்சிக்கு மனசு வரும்? சொருகினாள்.

சுற்றுகிற சத்தம் வந்தது. பிறகு ஒரு 'டிக்'. பிறகு வரிசையாக டிக், டிக், டிக். டிவியில் ஒன்றும் வரவில்லை.

புருல் கையில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தாள். அது பனி பூத்தது போல வேர்த்திருந்தது. பிடுங்கித் துடைத்துவிட்டு மறுபடி சொருகினாள். சொருகக் கூடாது, அப்படியே நிறுத்த வேண்டும், இது அவள் வகுப்பில் இரண்டாவது பாடம். ஆனால் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை சொருகினாள். நாலாம் தடவை உள்ளே ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. தாலாய் வந்து அவள் கையைப் பிடித்தான். "போதும், விடு" என்றான். அவளுடைய இன்னொரு கையில் லோலாக்கு குத்திக்கொண்டிருந்தது.

டிஸ்க்கைப் பிஷ்கெக்கில் மீட்டுக் கொடுக்கிற ஆளிடம் அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. உள்ளே தகடு வழிக்கப்பட்டுவிட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், நாலு தடவை சொருகினது யார் என்று கேட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. புருல் போனாள், போகாமல் எங்கே போவது? கனிஷாய் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள், காது மொட்டையாக இருந்தது. மாமியார் அடுப்பருகே முக்காலியில். பதிலைப் புருல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். லோலாக்கை ஒரு கைக்குட்டையில் சுற்றி வந்திருந்தாள். மாவுப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. நல்ல சேதின்னு வாங்கினது. சேதியே இல்லன்னு ஆயிடுச்சு."

கனிஷாய் அதைத் தொடவில்லை. "எப்ப கண்டுபிடிச்சீங்க அக்கா?"

புருல் பொய் சொல்லியிருக்கலாம். "நீ போன் பண்ணின அன்னைக்கே. ஒரு மணி நேரத்துல."

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"பதினோரு நாளா?"

"ஆமா."

"நான் அழுதுட்டுக் கெடந்தேன்."

"தெரியும். உனக்கு டீ ஊத்தினேனே."

மாமியார் மெல்லக் கேட்டார். "நீ அதப் பாத்தியா? அவர் என்ன சொன்னார்?"

"நாப்பது செகண்டுதாம்மா பாத்தேன். இருமினார். தண்ணி கேட்டார். அப்பறம் 'கனிஷாய்'ன்னு கூப்ட்டார். நான் மூடிட்டேன்."

"ஏன்?"

"எனக்குத் தாங்கல."

மாமியார் கைக்குட்டையை அவிழ்த்தார். "இங்க வா. குனி." தன் கையாலேயே ஒவ்வொன்றாக அவள் காதில் மாட்டினார். "சுயுஞ்சு குடுத்தா குடுத்ததுதான். எங்க வீட்ல திருப்பி வாங்கற வழக்கம் இல்ல. கழட்டாத." அந்தக் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. லோலாக்கு புருல் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது.

"சின்னவளே, உனக்கு ஞாபகம் இருக்கறத சொல்லு. மறக்கறதுக்குள்ள சொல்லு. மூத்தவளே, உன் பையில நோட்டு இருக்கும்ல? எழுதிக்க. நீதான் சொல்லுவியே, மூணு. மூணு பிரதி எழுது."

புருல் நோட்டை எடுத்து மாவுப் பலகையின் மறுபக்கம் உட்கார்ந்தாள். கனிஷாய் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். புருலின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இருமினார். தண்ணி குடிச்சார். அப்பறம் என்னப் பாத்து, 'கனிஷாய், இத எடுத்து முடிச்சதும் மூத்தவ கைல குடுத்துடு'ன்னார்."

பேனா நின்றது.

"எழுதுங்க அக்கா. 'நீ அழகா எடுப்ப, ஆனா எதையாச்சும் எங்கயாச்சும் வச்சுட்டு வந்துடுவ. அவகிட்ட குடு. புருல் கிட்ட இருந்தா தொலையாது'ன்னார்."

"ஏண்டி குடுக்கல?" என்றார் மாமியார்.

கனிஷாயின் கண் நிறைந்துவிட்டது. "குடுக்க மனசு வரல. வந்த நாள்ல இருந்து எதுக்கெடுத்தாலும் புருல் கிட்ட குடு, புருலக் கேளு, புருல் பாத்துப்பா. மாமா சாகப்போற நேரத்துல கூட என் காமிரா முன்னாடி உக்காந்துட்டு அக்கா பேரச் சொன்னார். இது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்னு நெனச்சேன். கோடையில லேப்டாப்ப உங்ககிட்ட குடுத்தப்பகூட அதுல இது இருக்குன்னு வாயத் தொறக்கல."

மாமியார் எழுந்து புகைந்த எண்ணெயை இறக்கி வைத்தார்.

"எழுது" என்றார்.

புருல் குனிந்தாள். லோலாக்கு கன்னத்தில் வந்து இடித்தது. 'புருல் கிட்ட இருந்தா தொலையாது' என்று தெளிவான டீச்சர் எழுத்தில் எழுதினாள். பக்கத்தைத் திருப்பி இரண்டாம் முறை எழுதினாள். மூன்றாம் முறையும் எழுதினாள்.